நாலு சக்கரமும் இழுக்கும் கார் நமக்கு எதற்கு?

போன தீபாவளிக்கு மறுநாள் என் தங்கை மகன் வீட்டுக்கு வந்தான். ஒரு கையில் பலகாரப் பொட்டலம், இன்னொரு கையில் நோட்டுப் புத்தகம். நோட்டில் கட்டம் போட்டு ஆறு கார்களின் பெயரை வரிசையாக எழுதியிருந்தான். எஞ்சின் பலம், விலை, நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட எத்தனை வினாடி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டம். கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட அந்தப் பையன் இவ்வளவு சிரத்தை எடுத்துக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

"மாமா, தினம் ஆபீசுக்கு ஓட்டணும். ஓட்டறதுக்கு விறுவிறுன்னு இருக்கணும். நாலு சக்கரமும் இழுக்கற வண்டியாவும் இருக்கணும். எதை வாங்கலாம், நீங்களே சொல்லுங்க."

"விறுவிறுப்பு சரிடா. நாலு சக்கரமும் இழுத்து என்ன ஆகணும்?"

"சேஃப்டி மாமா. இப்ப குழந்தை வேற இருக்கே."

கடைசியில் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அவன் ஒருவன் மட்டும் என்றால் காபியோடு பேசி முடித்திருப்பேன். நம் சங்கத்து விழாக்களில் பந்தி முடிந்து வெற்றிலை பாக்கோடு வெளியே நிற்கும்போது, முன்பெல்லாம் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் ரிசர்வேஷனைப் பற்றிப் பேசுவோம். இப்போது கார்களைப் பற்றிப் பேசுகிறோம். அதில் 'ஆல் வீல் டிரைவ்' என்ற பேச்சு வந்துவிட்டால், அது ஏதோ கவச குண்டலம் மாதிரி ஒரு மரியாதை. இந்த மரியாதை அதற்கு உரியதுதானா என்பதே என் கேள்வி. உரியதில்லை என்பது என் கட்சி. காரணம் சொல்கிறேன், ஒப்புக்கொள்ளாதவர்கள் அடுத்த இதழில் சண்டைக்கு வரலாம்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிகள் எல்லாம் ஒரே ஜாதி இல்லை. பழைய மாருதி ஜிப்சி, இன்றைய ஜிம்னி, தார் போன்றவற்றில் ஓட்டுகிறவர் ஒரு நெம்புகோலைத் தள்ளினால்தான் நாலு சக்கரமும் சேரும். சேர்ந்த பிறகு முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டுவிடும். வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடக் கொஞ்சம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். மண்ணிலும் பனியிலும் அந்த வித்தியாசத்தைச் சக்கரம் வழுக்கித் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க இடமில்லாமல் கியர்களே முறுக்கிக்கொள்ளும். ஆகவே இந்த ஜாதி வண்டியைத் தார் ரோட்டில் அந்த நிலையில் ஓட்டக் கூடாது. ஆபீசுக்குப் போகிற வழியெல்லாம் அது சாதாரண இரண்டு சக்கர இழுவை வண்டிதான்.

இரண்டாவது ஜாதியில், வழக்கமாக முன் சக்கரங்கள் இழுக்கும். அவை வழுக்கினாலோ, வழுக்கப் போகிறது என்று கம்ப்யூட்டருக்குத் தோன்றினாலோ, நடுவில் இருக்கும் பல தகட்டுக் கிளட்ச் இறுகிப் பின் சக்கரங்களுக்கும் சக்தியை அனுப்பும். 2010-இல் இங்கே வந்த ஸ்கோடா எட்டி, 2014-இல் வந்த ரெனோ டஸ்டரின் நாலு சக்கர மாடல், 2022-இல் வந்த மாருதி கிராண்ட் விட்டாராவின் ஆல்கிரிப் எல்லாம் இந்த ஜாதி. மூன்றாவதில் எப்போதும் நாலு சக்கரமும் இழுத்தபடி இருக்கும். ஜப்பானிய சுபாருவுக்கு இதில்தான் பேர். அந்த சுபாரு ஃபாரெஸ்டரைத்தான் ஷெவர்லே முத்திரை குத்தி நம் நாட்டில் 2000-களில் கொஞ்ச காலம் விற்றார்கள். வாங்கியவர்கள் ரொம்பப் பேரில்லை. வாங்கியவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசினால் நிறுத்துவதில்லை. நாலாவதாக, இப்போது மின்சாரக் கார்களில் முன்னால் ஒரு மோட்டார், பின்னால் ஒரு மோட்டார். நடுவே நீளத் தண்டும் கிடையாது, கிளட்சும் கிடையாது.

பையனின் நோட்டில் இந்த நாலு ஜாதியும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருந்தன. தாரும் இருந்தது, பி.எம்.டபிள்யூவும் இருந்தது.

இனி சேஃப்டிக்கு வருகிறேன். இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை, பட்டதைச் சொல்கிறேன்.

2017 ஜனவரியில் நானும் மனைவியும் மகளும் சிம்லாவுக்கு மேலே நார்க்கண்டா போயிருந்தோம். அப்போது என்னிடம் இருந்ததும் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிதான். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை, ஏனென்றால் தப்பு வண்டியின் மேல் இல்லை. தியோக் தாண்டியதும் பனி. வழியெல்லாம் தில்லி, அரியானா நம்பர் போட்ட கார்கள் சக்கரம் சுழன்று சுழன்று நின்றுகொண்டிருந்தன. ஆட்கள் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். என் வண்டியோ ஆட்டுக்குட்டி மாதிரி ஏறிற்று. நான் கண்ணாடியை இறக்கி ஒருவரைப் பார்த்துக் கை வேறு ஆட்டினேன். "ரொம்ப ஆடாதீங்கோ" என்று மனைவி சொன்னதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன். அவர் இந்த இதழைப் படிப்பவர்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இறங்கத் தொடங்கினோம். வெயில் பளிச்சென்று அடித்தது. ரோட்டில் பனி ஒதுக்கப்பட்டுத் தார் கறுப்பாகத் தெரிந்தது. மட்டியானாவுக்கு முன்னால் தேவதாரு நிழல் விழுந்த ஒரு வளைவு. அங்கேயும் தார் கறுப்பாகத்தான் தெரிந்தது. முந்தின நாள் உருகின தண்ணீர் ராத்திரியில் கண்ணாடி மாதிரி உறைந்து, அதன் வழியாகத் தார் தெரிந்தது என்பது வண்டி அதன்மேல் போன பிறகுதான் புரிந்தது. பிரேக்கை அழுத்தினேன். காலடியில் ஏ.பி.எஸ். 'கடகட'வென்று உதைத்தது. வேகம் குறையவே இல்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினேன், சக்கரம் திரும்பிற்று, வண்டி திரும்பவில்லை. மணிக்கு 35, 40 கிலோமீட்டருக்கு மேல் இருக்காது. ஆனால் அந்த அமைதியான வழுக்கலைப் போல நீளமான ஒன்றை நான் அனுபவித்ததில்லை. பள்ளத்துப் பக்கம் ஓர் ஆப்பிள் தோட்டத்தின் கருங்கல் சுவர் இருந்தது. அதில் முன் பம்பர் மோதி நின்றோம். சுவர் இல்லாத இடத்தில் அந்த வளைவு வந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

பின்னாலேயே ஒரு சின்ன டாக்சி வந்தது, முன் சக்கரங்கள் மட்டும் இழுக்கிற சின்னக் கார். அந்த முன் சக்கரங்களில் இரும்புச் சங்கிலி கட்டியிருந்தார் டிரைவர். மாட்டு வண்டி வேகத்தில் வந்து, அதே வளைவில் அழகாக நின்றார். இறங்கி வந்து மகளைப் பார்த்தார், அடிபடவில்லை என்று தெரிந்துகொண்டார். பிறகு குனிந்து என் டயரைக் கட்டைவிரலால் அழுத்தினார். "இது தில்லி டயர், பாவூஜி" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. தன் கயிற்றைக் கொடுத்து என் வண்டியைச் சுவரிலிருந்து இழுக்க உதவினார்.

அந்த டயர் 45,000 கிலோமீட்டர் ஓடியது. வெப்ப நாட்டு ரப்பர். குளிர் 7 டிகிரிக்குக் கீழே போனால் அந்த ரப்பர் இறுகிப் பிடிமானம் குறையத் தொடங்கும். பனிக்கென்று உள்ள டயர் நம் ஊர்க் கடைகளில் கேட்டவுடன் கிடைக்கிற சமாச்சாரம் இல்லை.

ஊருக்கு வந்த பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 40 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 11 மீட்டர். காய்ந்த தாரில் டயருக்கும் ரோட்டுக்கும் உள்ள உராய்வை 0.7 என்று வைத்துக்கொண்டால், பிரேக் பிடித்த இடத்திலிருந்து 9 மீட்டரில் நிற்கலாம். உறைந்த பனியில் உராய்வு 0.1 என்றால் 63 மீட்டர் வேண்டும். இந்தக் கணக்கில் எத்தனை சக்கரம் இழுக்கிறது என்ற கேள்வியே வருவதில்லை. ஏனென்றால் பிரேக் என்பது எல்லாக் காரிலும் நாலு சக்கரத்துக்கும் இருக்கிறது. என் வண்டிக்கும் நாலு, டாக்சிக்காரருக்கும் நாலு. நாலு சக்கர இழுவை ஒரு வண்டியைக் கிளப்பும், ஏற்றும், சேற்றிலிருந்து வெளியே கொண்டுவரும். இறக்கத்தில் கியரைக் குறைத்துப் போகும்போதுகூட ஓரளவு உதவும். நிறுத்துவது அதன் வேலை இல்லை.

அதைவிட ஆபத்து ஒன்று உண்டு. முன் சக்கர வண்டி வழுக்கும் ரோட்டில் கிளம்பும்போதே 'விர்'ரென்று சுழன்று, "ஐயா, ரோடு சரியில்லை" என்று சொல்லிவிடும். நாலு சக்கர வண்டி அந்தச் சேதியை மறைத்துவிடும். கிளம்பும்போது ஒன்றும் தெரியாது, நிறுத்தும்போதுதான் தெரியும். நான் முந்தின நாள் கை ஆட்டிய தைரியம் அப்படி வந்ததுதான்.

இதைச் சொன்னதும் பையன், "அப்ப பனி பெஞ்சா மணாலியில போலீஸ் ஃபோர் பை ஃபோரை மட்டும் விடறாங்களே, அது ஏன்?" என்று மடக்கினான். நியாயமான கேள்வி. 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு, குளிர்காலத்தில் சோலாங்குக்கு மேலே போகிற கூட்டம் பெருகிவிட்டது. பனி பெய்தால் ஃபோர் பை ஃபோர் வண்டிகளையும் சங்கிலி கட்டிய வண்டிகளையும்தான் மேலே விடுகிறார்கள். அதன் முக்கியமான காரணம், ஒரு வண்டி ஏற முடியாமல் நின்றால் பின்னால் ஆயிரம் வண்டி நிற்கும் என்பது. ஃபோர் பை ஃபோருக்குச் சமமாகச் சங்கிலியையும் வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். ஒரு ஜோடி சங்கிலியின் விலை எங்கே, காருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் லட்சங்கள் எங்கே! வருஷத்துக்கு இரண்டு நாள் பனி பார்க்க, அந்த ஊர் டிரைவர் ஓட்டும் டாக்சியில் போகலாம் என்பது என் இப்போதைய கொள்கை. வீட்டில் இதற்கு மறுப்பே இல்லை.

சரி, பனி வேண்டாம். "மழைக்காலம் இருக்கே மாமா?" மழையில் ஈரத் தார் ரோட்டில் இழுவைக்குக் கொஞ்சம் உதவும், மறுக்கவில்லை. ஆனால் தில்லி மழை என்றால் நம் பயம் வழுக்கல் இல்லை, தேங்கும் தண்ணீர். மின்டோ பாலத்தடியில் தேங்கும் வெள்ளத்தைப் பற்றித் தில்லித் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2020 ஜூலையில் அங்கே ஒரு டெம்போ ஓட்டுநரின் உயிரே போயிற்று. தண்ணீர் காற்று இழுக்கும் குழாய் வழியாக சிலிண்டருக்குள் போய்விட்டால் எஞ்சினின் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீர் எந்தச் சக்கரம் இழுக்கிறது என்று விசாரித்துவிட்டு உள்ளே போவதில்லை. அதற்கான காப்பு, பாலத்துக்கு முன்னாலேயே வண்டியைத் திருப்பிக்கொள்வது. இரண்டாவது காப்பு, இன்ஷூரன்ஸில் எஞ்சினுக்குத் தனியாகச் சேர்த்துக்கொள்ளும் பாதுகாப்பு. சாதாரண பாலிசியில் இது பெரும்பாலும் வராது. கேட்டு வாங்க வேண்டும்.

இனி விறுவிறுப்பு. அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் ஒரு காலத்தில் எஸ்டீம் வைத்துக்கொண்டு மதுரா ரோட்டில் என்னை ராலி வீரனாக நினைத்துக்கொண்டவன்தான்.

நாலு சக்கர இழுவைக்கும் வேகத்துக்கும் முடிச்சுப் போட்டது ஔடி. 1980-இல் ஜெனீவா கண்காட்சியில் குவாட்ரோ என்ற காரைக் காட்டினார்கள். அதுவரை நாலு சக்கர இழுவை என்றால் ஜீப், லாரி என்றுதான் எண்ணம். மறு வருஷமே ராலிப் பந்தயத்தில் இறக்கினார்கள். 1981-இல் இத்தாலியின் சான்ரெமோ ராலியில் மிஷல் மூத்தோன் என்ற பிரெஞ்சுப் பெண்மணி அந்தக் காரை ஓட்டி ஜெயித்தார். உலக ராலி சாம்பியன்ஷிப்பில் ஒரு பந்தயத்தைப் பெண் ஒருவர் ஜெயித்தது அதுவே முதல் முறை. 1982-இல் தயாரிப்பாளர் பட்டமும் ஔடிக்குப் போயிற்று. பிறகு ராலியில் ஜெயிக்க வேண்டுமென்றால் நாலு சக்கரமும் இழுத்தாக வேண்டும் என்றாகிவிட்டது.

ஆனால் அங்கே இரண்டு காரணம் உண்டு. எஞ்சின் பலம் 300 குதிரைக்கு மேல். ரோடு சரளை, சேறு, பனி. அவ்வளவு பலத்தை இரண்டு சக்கரத்தில் கொடுத்தால் டயர் புகைந்து வண்டி நின்ற இடத்தில் நிற்கும். நொய்டாவிலிருந்து குருகிராம் போகும் ரோட்டில் இந்த இரண்டில் எது இருக்கிறது? 120, 150 குதிரை பலமுள்ள காரின் சக்தியைக் காய்ந்த தாரில் முன் சக்கரம் இரண்டே தாராளமாகத் தாங்கும். பின் சக்கரத்துக்குப் போகும் தண்டு சும்மா கூட வருகிறது, ரிசர்வேஷன் இல்லாமல் ஏறின பயணி மாதிரி. காலை எட்டரை மணிக்கு தௌலா குவாவில் எந்த வண்டியும் 4 வினாடியில் 100 தொட முடியாது. தில்லியின் பெரிய ரோடுகளில் வேக வரம்பே 60, 70. கேமராக்கள் விழித்துக்கொண்டிருக்கின்றன.

ராலி என்றதும் இன்னொன்று. தில்லிக்காரரான கௌரவ் கில் ஆசிய பசிபிக் ராலி சாம்பியன் பட்டத்தை 2013, 2016, 2017 என்று மூன்று முறை வென்றார். 2019-இல் அர்ஜுனா விருதும் வாங்கினார். அவர் ஓட்டியது ஸ்கோடா ஃபாபியா, நாலு சக்கரமும் இழுப்பது. அணியின் பெயர் டீம் எம்.ஆர்.எஃப். செக் நாட்டுக் கார், தில்லி டிரைவர், நம் சென்னைக் கம்பெனி டயர். காரைப் பற்றிப் பேசும் பிள்ளைகள் டயரைப் பற்றிப் பேசுவதில்லை. ராலிக்காரர்கள் காலையில் எழுந்ததும் பேசுவதே டயரைப் பற்றித்தான் என்று சொல்வார்கள். ரோட்டைத் தொடுவது கார் இல்லை. உள்ளங்கை அகலமுள்ள நாலு ரப்பர்த் துண்டுதான் தொடுகிறது.

டயர் விஷயத்தில் நாலு சக்கர வண்டிக்கு ஒரு தொல்லையும் உண்டு, இதை ஷோரூமில் தானாக யாரும் சொல்வதில்லை. நாலு டயரும் ஒரே அளவு, ஒரே ரகம், ஏறக்குறைய ஒரே தேய்மானம் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் புதிதாக இருந்தால் அதன் சுற்றளவு கூடுதல். சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழலும். நடுவில் உள்ள கிளட்சோ கியரோ ஓயாமல் சமாளித்துச் சமாளித்துச் சூடேறிக் கெடும். ஆகவே ஒரு டயர் வெட்டுப்பட்டால் இரண்டோ நாலோ மாற்ற வேண்டி வரலாம். என் நண்பர் ஒருவர் இப்படிப்பட்ட வண்டியில் குடும்பத்தோடு திருநெல்வேலிக்குக் கிளம்பினார். தேசிய நெடுஞ்சாலை 44, ஆக்ரா, குவாலியர் வழி. ஜான்சி தாண்டி ஒரு பள்ளத்தில், அகலமும் பக்கவாட்டு உயரக் குறைவுமான அந்த அழகான டயர் கிழிந்தது. பக்கவாட்டில் ரப்பர் குறைவாக இருந்தால் வளைவில் வண்டி கெட்டியாக நிற்கும்; பள்ளத்தில் அடி நேரே இரும்புக்குப் போகும். அந்த அளவு டயர் அந்த ஊரில் எந்தக் கடையிலும் இல்லை. இரண்டு நாள் லாட்ஜில் இருந்து, நாக்பூரிலிருந்து வரவழைத்து மாட்டினார். பெரியவரின் அறுபதாம் கல்யாணத்துக்குப் போனவர்கள், மாலை மாற்றின பிறகு போய்ச் சேர்ந்தார்கள். 2,700 கிலோமீட்டர் போகிற நம்மைப் போன்றவர்களுக்கு, எல்லா ஊரிலும் கிடைக்கிற டயர் அளவு என்பது ஒரு பெரிய செல்வம்.

பெட்ரோல் கணக்கும் உண்டு. கிராண்ட் விட்டாரா வந்தபோது, கையால் கியர் போடும் மாடலுக்கு லிட்டருக்கு 21.11 கிலோமீட்டர் என்று கம்பெனி சொல்லிற்று. அதே எஞ்சின், அதே கியர், நாலு சக்கர இழுவை என்றால் 19.38. சோதனைச் சாலையிலேயே ஒன்றே முக்கால் கிலோமீட்டர் குறைவு. பனி இருந்தாலும் இல்லாவிட்டாலும், வருஷம் 365 நாளும் இந்த வரியைக் கட்ட வேண்டும். டீசல் பக்கம் போனால் இன்னொரு தலைவலி. தில்லியில் 10 வருஷ டீசல் வண்டிகளுக்கு 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டதிலிருந்து விதி இறுகுவதும் தளர்வதுமாக இருக்கிறது. நாலு சக்கர இழுவை வண்டிகளில் டீசல் அதிகம் என்பதால் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் இந்த வண்டி யாருக்குமே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. சிம்லாவிலோ கேங்டாக்கிலோ ஷில்லாங்கிலோ வேலையாக இருக்கும் நம்மவர்கள் கட்டாயம் வாங்கலாம். வீட்டு வாசல் ஏற்றமே அவர்களுக்குக் காரணம். மண் ரோட்டில் தினம் போகும் எஞ்சினியர்கள் வாங்கலாம். எஞ்சின் பலம் மிக அதிகமான கார்தான் வேண்டும் என்கிற வசதிக்காரர்களும் வாங்கலாம். அங்கே நாலு சக்கர இழுவை அலங்காரம் இல்லை, அவசியம். அந்த ரகத்தில் பி.எம்.டபிள்யூ. எம்340ஐ என்ற காரை 2021-இல் செங்கல்பட்டுப் பக்கம் உள்ள ஆலையிலேயே பூட்ட ஆரம்பித்தார்கள். 3 லிட்டர், 6 சிலிண்டர், 4.4 வினாடியில் 100. குடும்பத்தோடு தினம் ஓட்டக் கூடிய பந்தயக் குதிரை. ஆனால் அதன் விலைக்குத் துவாரகாவில் ஒரு ஃபிளாட்டுக்கு முன்பணம் கட்டிவிடலாம்.

பையனின் பட்டியலில் உண்மையாகவே யோசிக்க வேண்டியது டாட்டா ஹாரியரின் மின்சார வண்டி. 2025 ஜூனில் வந்தது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு மோட்டார், 6.3 வினாடியில் 100 என்கிறார்கள். இந்த இரண்டு மோட்டார் மாடலின் அறிமுக விலை 28.99 லட்சத்தில் தொடங்கிற்று. போக்குவரத்து நெரிசலில் மின்சார வண்டி சுகம், சக்தி வீணாவதும் குறைவு. ஆனால் எடை இரண்டு டன்னுக்கு மேல். விறுவிறுப்பு நேர் ரோட்டில் இருக்கும். வளைவில் அந்த எடை தன் இருப்பைக் காட்டும். மின்சார வண்டியில் நெல்லை போவதென்றால் சார்ஜ் போடும் இடங்களை முன்கூட்டியே குறித்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.

என்னைக் கேட்டால், நகரத்தில் தினம் ஓட்ட, கையில் உணர்ச்சி தரும் வண்டி வேண்டுமென்றால், 2022-இல் வந்த ஃபோக்ஸ்வேகன் விர்ட்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா மாதிரி ஒன்றரை லிட்டர் டர்போ பெட்ரோல் கார் போதும். 150 குதிரை, முன் சக்கர இழுவை. அடிவயிறு தரையிலிருந்து 179 மில்லிமீட்டர், ஆகவே நம் காலனி வேகத்தடைகளில் உராயாது. 2023-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஐந்து ஐந்து நட்சத்திரம். வண்டி தடம் புரளாமல் பிடித்து நிறுத்தும் இ.எஸ்.சி. அதில் இருக்கிறது. மீதிப் பணத்தில் நல்ல டயர், ஒரு ஜோடி சங்கிலி வாங்கிக்கொண்டு, மிச்சத்தை பாங்கில் போடலாம். இது என் அபிப்பிராயம். ஹாரியர் கட்சிக்காரர்கள் கோபிக்க வேண்டாம்.

இவ்வளவும் பேசி முடிக்க இரண்டு காபி ஆயிற்று. அதுவரை சமையலறையில் என் மனைவியோடு பேசிக்கொண்டிருந்த பையனின் மனைவி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். "இதுல எந்தக் கார்ல குழந்தை சீட்டை நல்லா இறுக்கி மாட்ட முடியும்?" என்று கேட்டாள்.

பையன் நோட்டைப் பார்த்தான். ஆறு கார், ஒவ்வொன்றுக்கும் ஏழெட்டுக் கட்டம். வினாடிக் கணக்கு, குதிரைக் கணக்கு எல்லாம் இருந்தன. குழந்தை சீட்டுக்குக் கட்டமே இல்லை. அவர்களிடம் அதுவரை அப்படி ஒரு சீட்டும் இல்லை. ஒன்றேகால் வயதுக் குழந்தை அம்மா மடியில்தான் நொய்டாவிலிருந்து வந்திருந்தது. சேஃப்டிக்காக 30 லட்சம் செலவழிக்கத் தயாராக இருந்தவன்! நான் அவனைத் திட்டவில்லை. நார்க்கண்டாவில் என் மகள் பின் சீட்டில் பெல்ட் போடாமல் உட்கார்ந்திருந்தாள் என்பது அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அதை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூவருமாகப் போய்க் குழந்தை சீட்டு ஒன்றை வாங்கி, இப்போது இருக்கும் பழைய காரிலேயே பொருத்தினார்கள். நானும் கூடப் போயிருந்தேன். பொருத்திப் பார்க்கக் கடைக்காரருக்கு அரை மணி ஆயிற்று. பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் விதத்தை இரண்டு தடவை செய்து காட்டச் சொல்லி அவன் மனைவி கற்றுக்கொண்டாள். புதுக் கார் இன்னும் முடிவாகவில்லை. விர்ட்டஸையும் ஹாரியரையும் ஓட்டிப் பார்த்துவிட்டான். ஹாரியரை ஓட்டிவிட்டு வந்த அன்று போனில் அவன் பேசின குரலைக் கேட்டால், என் கட்சி தோற்றுவிடும் போலத்தான் இருக்கிறது.